ஆணியில் தொங்கிய சாவி

நெதர்கோய் வீட்டு வாசல் கதவுக்கு வலப்பக்கம், தோள் உயரத்தில் ஒரு ஆணி இருக்கிறது. எதிரே இருக்கும் ஆதிகாலக் கல்லறை மேட்டின் சாவி அதில் தொங்கினால் மேட்டுக்குள் யாரும் இல்லை என்று அர்த்தம். தொங்காவிட்டால் யாரோ உள்ளே இருக்கிறார்கள். எந்தக் காலத்திலோ ஒரு பள்ளி ஆசிரியரை மேட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, இந்த ஹன்ஸே தீவு முழுவதும் தேவாலயத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்ததாம். அதற்குப் பிறகு வந்த வழக்கம் இது. தீவில் யாரும் இதைச் சந்தேகப்பட்டதில்லை.

எல்மா இஸ்பிஸ்டர் அந்த ஆணிக்கு வாழ்க்கைப்பட்டு முப்பத்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன.

அபர்டீன் நகரத்துப் பெண் அவள். பஸ் கண்டக்டராக இருந்தாள். ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை ஊரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தவள். மாடு விற்க வந்த எர்லண்ட் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு மூன்று முறை சுற்றினான். நான்காம் சுற்றில் பெயர் கேட்டான். ஆறு மாதத்தில் திருமணம். தீவுக்கு வந்த இரண்டாம் நாள் காலை, மாமியார் ரோபினா பார்லி ரொட்டித் தட்டின் ஓரத்தில் அந்த நீளமான இரும்புச் சாவியை வைத்து அவள் பக்கம் தள்ளினாள்.

"இனிமே இது உன்னோடது. எந்நேரமும் வீட்ல ஒரு ஆள் இருக்கணும். கடல் தாண்டி வந்தவங்க கதவைத் தட்டி, ஆள் இல்லாம திரும்பிப் போறது இந்த வீட்டுக்கே அவமானம்."

"எத்தனை நாளைக்கு அத்தை?" என்று எல்மா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

ரோபினா சிரிக்கவில்லை. "மேடு ஐயாயிரம் வருஷமா இருக்கு," என்றாள்.

அவ்வளவுதான். பஸ்ஸின் மணிக்கயிற்றை இழுத்துப் பழகிய கை, அன்றிலிருந்து சமையலறை ஜன்னல் திரையை விலக்கி விலக்கிப் பார்க்கப் பழகியது. பாதையில் யாராவது வருகிறார்களா. மேட்டிலிருந்து யாராவது இறங்குகிறார்களா. முப்பத்து மூன்று கோடைகள் அந்த ஜன்னல் வழியாகவே வந்துபோயின.

அன்று மே மாதத்து வியாழக்கிழமை. எல்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. மாமியாரும் கணவனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் அவளும் சாவியும்தான். சனிக்கிழமை அபர்டீனில் அவளுடைய ஒரே மகள் தோராவுக்குத் திருமணம். மூன்று இருபதுக்குக் கிளம்பும் கப்பலைப் பிடித்தால் பெரிய தீவின் கிர்க்வால் ஊருக்குப் போய், மறுநாள் காலை விமானத்தில் ஏறிவிடலாம். விட்டால் அடுத்த கப்பல் சனிக்கிழமை மதியம்தான். அதற்குள் உறுதிமொழி சொல்லி, மோதிரம் போட்டு, கேக்கும் வெட்டி முடித்திருப்பார்கள்.

தோரா போனில் அழவில்லை. அழுதிருந்தால் எல்மாவால் தாங்கியிருக்க முடியும்.

"முதல் வரிசையில உனக்கு ஒரு நாற்காலி போடறேன்மா," என்றாள். "நீ வரலேன்னா அதை எடுக்க மாட்டேன். காலியாவே கெடக்கட்டும். எங்கம்மா எங்கேன்னு கேக்கறவங்ககிட்ட அதைக் காட்டறேன்."

அந்தக் காலி நாற்காலி மூன்று வாரமாக எல்மாவின் தூக்கத்துக்குள் வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தது.

பக்கத்துப் பண்ணை ஜீம்ஸி டிரெவர் ஐந்து நாள் சாவியைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருந்தான். கல்யாணமே செய்துகொள்ளாத அறுபது வயதுக்காரன்.

"அஞ்சு நாள் நான்தான் நெதர்கோய் ராஜா," என்றான் முந்தின நாள். "உன் பிஸ்கட் டப்பா எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

"டப்பாவைத் தொட்டே, கையை உடைப்பேன். ரெண்டரைக்குக் காரோட வந்துடு. சாவியை உன் கையிலதான் குடுப்பேன்."

"நீ நெஜமாவே போறியா எல்மா?"

"ஏன் கேக்கறே?"

"சும்மா கேட்டேன்," என்றான் ஜீம்ஸி. பார்வை வேறு பக்கம் போனது.

வியாழக்கிழமை ஒரு மணிக்கு டச்சுக்காரத் தம்பதி ஒன்று சைக்கிளில் வந்து சாவியை எடுத்துக்கொண்டு போனது. கதவைக்கூடத் தட்டவில்லை. ஆணிக்குக் கீழே இருந்த பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது: 'சாவியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கதவைத் தட்ட வேண்டாம். பார்த்து முடித்ததும் பூட்டிவிட்டு, சாவியை ஆணியில் மாட்டுங்கள்.' நீல பெயின்ட்டில் அதை எழுதியவள் பதினான்கு வயதுத் தோரா. "இனிமே நீ ஜன்னல்லயே நிக்க வேண்டாம்மா" என்று கையெல்லாம் நீலமாக ஓடிவந்தாள். படுக்கையில் கிடந்த ரோபினா மட்டும், "வந்தவங்க முகத்தைப் பாக்காம சாவி குடுக்கறதா?" என்றாள். எல்மா ஜன்னலிலேயே நின்றாள்.

மணி ஒன்று ஐம்பது. டச்சுக்காரர்கள் திரும்பவில்லை. எல்மா புது நீல உடை போட்டு, புதுக் காலணி போட்டு, வீட்டைப் பூட்டி, பெட்டியை வெளிக்கதவருகே வைத்துவிட்டாள். இன்னும் பத்து நிமிடம் பொறுத்தாள். பொறுமை போய்விட்டது. பதின்மூன்று வருடங்களுக்கு முன் இதேபோல் கோட்டுப் போட்டுக்கொண்டு மேட்டுக்குள் போன ஒரு பேராசிரியர் இறங்கி வரக் காத்திருந்தாள். அன்று கிர்க்வால் பள்ளியில் தோராவுக்கு முதல் பரிசு. பேராசிரியர் ஒவ்வொரு கல்லையும் அளந்து முடித்து இறங்கியபோது கப்பல் கடலின் நடுவில் ஒரு புள்ளியாக இருந்தது.

இந்த முறை விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள். வீட்டுக்கும் மேட்டுக்கும் கூப்பிடு தூரம்தான், காற்று இல்லாவிட்டால்.

கம்பிக் கதவு திறந்து கிடந்தது. பூட்டில் சாவி தொங்கியது. சைக்கிள்கள் சுவரில் சாய்ந்திருந்தன. ஆட்களைக் காணோம். சாவியை அப்படியே உருவிக்கொண்டு போகலாம்தான். ஆனால் உள்ளே ஆள் இருக்கும்போது சாவியை எடுக்கக் கூடாது. முப்பத்து மூன்று வருடத்துப் பழக்கம் கையைத் தடுத்தது.

"யாராவது உள்ள இருக்கீங்களா?"

பதில் இல்லை. காது கேட்காதவர்களாக இருக்கலாம். எல்மா புதுக் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வாசலில் தொங்கிய டார்ச்சை எடுத்து, உடையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, இருபது அடி நீளத் தாழ்வான கல் நடைவழியில் தவழ்ந்தாள்.

உள்ளே யாரும் இல்லை. பெரிய அறையின் உயரமான கற்சுவர்கள், மூன்று பக்க அறைகள், ஈரம். டார்ச் வெளிச்சம் இடப்பக்க அறையில் விழுந்ததும் அவள் நின்றாள்.

அது அவளுடைய அறை. மணமான முதல் வருடம், அழ வேண்டும்போல இருந்தால் அவள் இங்கேதான் வருவாள். ரோபினாவின் முழங்கால் மடங்காது. இந்த நடைக்குள் அவளால் தவழ முடியாது. உலகத்திலேயே மாமியார் வர முடியாத ஒரே இடம் இதுதான். எலும்புகள் அடுக்கியிருந்த கல் மேடையில் உட்கார்ந்து, இருபத்து நான்கு வயதுப் பெண் பஸ் நிறுத்தங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி அழுவாள். ஒன்றுகூட மறக்கக் கூடாது என்று பிடிவாதம். அந்த நிறுத்தங்களில் ஒன்றின் எதிரே இருக்கும் தேவாலயத்தில்தான் சனிக்கிழமை தோராவின் திருமணம்.

ஒரு நிமிடம் உட்கார்ந்தாள். இரண்டு நிமிடமாகவும் இருக்கலாம். "போயிட்டு வரேன்," என்றாள் கற்களிடம்.

தவழ்ந்து திரும்பியவள் கையை நீட்டியபோது விரல்களில் இரும்பு பட்டது.

கதவு மூடியிருந்தது. பூட்டு வெளியே பூட்டியிருந்தது. சாவி இல்லை.

மேட்டின் பின்பக்கம் கடற்கரையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த டச்சுக்காரர்கள் திரும்பிவந்து, பலகை சொன்னபடியே பூட்டிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே உள்ளே போய்ப் பார்த்தவர்கள். காலியான அறையை இன்னொரு முறை யார் எட்டிப் பார்ப்பார்கள்?

"ஏய், இங்க பாருங்க. நில்லுங்க."

மேற்குக் காற்று அவள் வாயிலிருந்தே குரலைப் பிடுங்கிக்கொண்டு போனது. இரண்டு மஞ்சள் மழைக்கோட்டு முதுகுகள் சின்னதாகிக்கொண்டே போயின. வீட்டு வாசலில் நின்றன. அந்தப் பெண் சாவியை ஆணியில் மாட்டினாள். நேராகத் தொங்குகிறதா என்று ஒரு முறை பார்த்தாள். சைக்கிள்கள் துறையை நோக்கிப் போய்விட்டன.

இனி தீவில் எவன் பார்த்தாலும் மேடு காலி.

எல்மாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கம்பியைப் பிடித்து உலுக்கினாள். தோளால் முட்டினாள். மாமனார் காலத்து இரும்பு அசையவில்லை.

சரியாக இரண்டரைக்கு ஜீம்ஸியின் பச்சைக் கார் வந்து நின்றது. அவள் அலறினாள். டார்ச்சை ஆட்டினாள். வெயில் அதைத் தின்றுவிட்டது. ஒரு காலணியைக் கம்பி வழியாக வீசினாள். அது புல்லில் விழுந்து, ஒரு ஆடு வந்து முகர்ந்து பார்த்தது. வெள்ளைக் கழுத்துத் துணியை அவிழ்த்து வெளியே நீட்டி வீசினாள். ஜீம்ஸி ஒரு தடவை மேட்டுப் பக்கம் பார்க்கவும் செய்தான். ஆனால் நூறு அடிக்கு அப்பால் வெள்ளையாக எது அசைந்தாலும் ஜீம்ஸிக்கு அது ஆடுதான்.

அவன் கதவைத் தட்டினான். பூட்டியிருந்தது. தொழுவத்தை எட்டிப் பார்த்தான். கிணற்றடியைச் சுற்றினான். பிறகு ஆணிக்கு முன்னால் வந்து நின்றான். சாவியை விரலால் தொட்டுப் பார்த்தான். அது மெல்ல ஆடி நின்றது. மேட்டில் ஆள் இல்லை. அவன் தலையை ஆட்டிக்கொண்டதை எல்மா பார்த்தாள். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்ததையும் பார்த்தாள்.

அப்புறம் அவன் செய்த காரியம்தான் அவள் நெஞ்சைப் பிளந்தது. வெளிக்கதவருகே இருந்த பெட்டியைத் தூக்கினான். பூந்தொட்டிக்கடியில் இருந்த வீட்டுச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தான். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்தான். எல்மா கடைசி நேரத்தில் மனசு மாறி எங்கேயோ ஒளிந்துகொண்டாள் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். கோபம்கூட இல்லை அவன் நடையில். எதிர்பார்த்தது நடந்துவிட்ட மாதிரி நடந்தான். கார் துறைப் பக்கம் போனது, கப்பல்காரர்களிடம் அவள் வரமாட்டாள் என்று சொல்ல.

எல்மா கம்பியில் நெற்றியைச் சாய்த்தாள்.

அப்படியானால் ஊர் முழுக்க இப்படித்தான் நினைத்திருக்கிறது. 'நீ நெஜமாவே போறியா?' என்று கேட்டபோது அவன் கண் ஏன் விலகியது என்று இப்போது புரிந்தது. பரிசளிப்புக்குப் போகாததற்குப் பேராசிரியர் காரணம். பதினோரு வருடம் ரோபினாவின் படுக்கை காரணம். சரி. ஆனால் தோரா பட்டம் வாங்கியபோது ரோபினா இல்லை, எர்லண்டும் இல்லை. தொல்லியல் துறையிலிருந்து யாரோ மேட்டைப் பார்க்க வருவதாக ஒரு கடிதம் வந்தது. 'ஊரில் இருக்க மாட்டேன்' என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். எழுதவில்லை. ஜன்னலில் நின்றாள். அன்று அவளை யார் பூட்டினார்கள்? யாருமில்லை. ஜன்னலை விட்டால் தான் யார் என்று அவளுக்கே தெரியாமல் போயிருந்தது. அபர்டீன் பஸ்ஸில் இப்போது கண்டக்டரே கிடையாதாம். போய் எங்கே நிற்பது?

நீலக் கையோடு நின்ற பதினான்கு வயதுப் பெண் கண்ணுக்குள் வந்தாள். அவள் எழுதிய பலகையே இன்று அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தது. எல்மா கல் தரையில் முகத்தை வைத்துக்கொண்டு, முப்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த இடத்தில் மறுபடி அழுதாள். இந்த முறை நிறுத்தங்களின் பெயர்களைச் சொல்லவில்லை. மகளின் பெயரைத்தான் சொன்னாள்.

மூன்று மணிக்குக் கப்பல் வந்தது. தூரத்தில், கார்கள் ஏறி இறங்கும் அதன் இரும்புப் பாலம் தாழ்வதைப் பார்த்தாள். ஒரே ஒரு சாம்பல் நிறக் கார் இறங்கியது. கடைத் திருப்பத்தில் நின்று யோசித்தது. பிறகு நெதர்கோய் பாதையில் திரும்பியது.

எல்மா எழுந்து உட்கார்ந்தாள்.

காரிலிருந்து கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர் இறங்கினார். பலகையைப் படித்தார். மெதுவாக, முழுவதும் படித்தார். ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். கதவைத் தட்டவில்லை. முப்பத்து மூன்று வருடமாக யார் வந்துவிடுவார்களோ என்று பயந்து பயந்து ஜன்னலில் நின்றாளோ, அந்தச் சாவி கேட்கும் மனிதர் இன்று வந்தே விட்டார். அவர் சீக்கிரம் நடக்க வேண்டுமே என்று அவள் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டாள். அவர் பாதி வழியில் நின்று ஆட்டைப் படம் எடுத்தார். புல்லில் கிடந்த ஒற்றைக் காலணியைக் குனிந்து பார்த்தார். அதையும் படம் எடுத்தார்.

"ஐயா, இங்க. கதவைத் திறங்க."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். கல்லறைக்குள்ளிருந்து மண் பூசிய ஒரு முகம் பேசுவதைக் கண்டு ஓடாமல் நின்றது அந்த ஆங்கிலேயரின் பெருந்தன்மை.

"நீங்க... இங்க வேலை பாக்கறவங்களா?" என்றார்.

"இன்னி வரைக்கும். முதல்ல திறங்க."

திறந்தார். எல்மா வெளியே வந்து நிமிர்ந்தாள். முழங்காலில் காலுறை கிழிந்து ரத்தம் கசிந்தது.

"நல்லதாப் போச்சு," என்றார் அவர், கையேட்டைத் திறந்தபடி. "இந்த இடப்பக்க அறையைப் பத்தி உங்ககிட்ட கேக்கணும்னு..."

"உங்க கார்ல என்னைத் துறையில கொண்டுபோய் விடணும். இப்பவே."

"ஆனா நான் இதைப் பாக்கறதுக்குன்னே யார்க்‌ஷயர்லேர்ந்து வரேன்."

"இது எங்கயும் போகாது ஐயா," என்றாள் எல்மா. "நான் போகணும். எம் பொண்ணுக்குக் கல்யாணம்."

அவர் அவளுடைய உடையைப் பார்த்தார், கையில் இருந்த ஒற்றைக் காலணியைப் பார்த்தார். கையேட்டை மூடினார். புல்லில் கிடந்த இன்னொன்றை அவரே ஓடிப்போய் எடுத்துவந்தார்.

மணி மூன்று பதினாறு. வீட்டுக்குள் போய்ப் பெட்டியை எடுக்க நேரமில்லை; டிக்கெட்டும் பணமும் உடைப் பையில் இருந்தன, அது போதும். வாசலில் ஒரு நொடி தயங்கினாள். பெரியவர் சாவியை நீட்டினார்.

"நீங்களே வெச்சுக்கங்க," என்றாள். "சாவகாசமாப் பாத்துட்டு ஆணியில மாட்டிடுங்க. பூட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள எட்டிப் பாருங்க."

துறைக்கு வளையும் கடைசித் திருப்பத்தில், கப்பலின் பாலம் மேலே எழத் தொடங்கியிருந்தது. எல்மா பெரியவரின் குறுக்கே கையை நீட்டி ஹார்னை அழுத்தினாள். ஒரே அழுத்து, நீளமாக. பஸ்ஸில் ஒரு மணி அடித்தால் நிறுத்து. இரண்டடித்தால் போ. அது அந்தக் கப்பல் ஆட்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, பாலம் பாதியில் நின்றது. பிறகு தயங்கித் தயங்கி இறங்கியது.

ஜீம்ஸி துறையில் நின்றிருந்தான். அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"எங்கடி போயிருந்தே? ஒரு இடம் விடாம தேடினேன்."

"மேட்டுக்குள்ள."

"சாவி ஆணியில இருந்துச்சே."

"இருந்துச்சு."

அவன் தொப்பியைக் கழற்றினான். "நான்... உன் பெட்டியைத் தூக்கி உள்ள வெச்சுட்டேன் எல்மா. நீ வரமாட்டேன்னு... நீ எப்பவும் வந்ததில்லையே."

அவனைத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்தவள் திட்டவில்லை. "பிஸ்கட் டப்பா மேல் தட்டுல இருக்கு," என்றாள். "முழுசும் தின்னு."

பாலத்தில் ஏறியதும் இரும்புக் கைப்பிடியில் விரல் மடக்கி இரண்டு தட்டுத் தட்டினாள். கப்பல் கிளம்பியது.

மேல்தளத்தில் மஞ்சள் மழைக்கோட்டோடு டச்சுக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். எல்மா யாரென்று தெரியாமல், ரத்தம் கசிந்த அவளுடைய ஈர முழங்காலைப் பார்த்துப் பதறி, தன் பையிலிருந்து உலர்ந்த காலுறை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பேச்சுவாக்கில் நெதர்கோய்க்காரி என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்தச் சாவி வீடா? கவலையே படாதீங்க. நீங்க எழுதியிருந்த மாதிரியே பத்திரமாப் பூட்டி, ஆணியில மாட்டிட்டுத்தான் வந்தோம்."

"தெரியும்மா," என்றாள் எல்மா, காலுறையை இழுத்து விட்டுக்கொண்டே. "ரொம்ப நல்லாப் பூட்டியிருந்தீங்க."

கிர்க்வால் துறையில் இறங்கியதும் முதல் வேலையாகத் தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்தாள். கண்ணாடிக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. அதற்குள் ஒரு காலை வைத்துத் திறந்தே பிடித்துக்கொண்டாள்.

"தோரா, அம்மா பேசறேன். கிர்க்வால்ல இருக்கேன். எனக்குப் போட்டுக்க ஒரு நல்ல துணி பாத்து வை. என்கிட்ட ஒண்ணும் இல்ல."

மறுமுனையிலிருந்து சின்னக் குழந்தையின் சந்தேகத்தோடு ஒரு கேள்வி வந்தது.

"சாவி யாருகிட்டம்மா இருக்கு?"

"யாரோ ஒரு ஆள்கிட்ட," என்றாள் எல்மா. "பேருகூடக் கேக்கல."